வாசல் சோடா

அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள்.

அவன் பிரஷ்ஷோடு படியில் நின்றிருந்தான். வாய் நிறைய நுரை. துப்ப மறந்துவிட்டான்.

முத்தியால்பேட்டையில் காலையில் தெருவில் பாட்டில் கிடப்பது புதிதில்லை. ராத்திரி நடந்து போகிறவர்கள், கையில் இருப்பது எந்த வீட்டு முன்னால் தீர்கிறதோ அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். அம்மா அதைப் பார்க்காமலே துடைப்பத்தால் ஓரம் தள்ளிவிடுவாள். பிறகு தண்ணீர் தெளிப்பாள். பிறகு கோலம்.

இன்று தள்ளவில்லை.

குனிந்து எடுத்தாள்.

பழுப்பு பாட்டில். நடுவில், வெள்ளைக் கோட்டில் ஒரு சிக்குக் கோலம்.

அவளுடைய கோலம்.

சிக்குக் கோலம் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வலது கீழ் வளைவு இப்படி வயிறு தள்ளிக்கொண்டு நிற்பது இந்த ஒரு வாசலில்தான். அந்த இடத்துக்கு வரும்போது அம்மாவுக்கு முட்டி மடங்காது. கை எட்டினவரைக்கும் இழுத்து வளைத்துவிடுவாள்.

லேபிளுக்கு அவன் வரைந்து காட்டியபோது கம்பெனி மேனேஜருக்கு அந்த வளைவுதான் பிடித்துப்போனது. அதை மட்டும் திருத்திவிடாதே என்றார். கையால் போட்ட மாதிரியே இருக்கிறதாம்.

பியர் கம்பெனியில் லேபிள் வரைகிறவன் அவன். வெறும் சம்பளத்துக்காக இல்லை. எந்த ஊர் ஆலையில் புதுக் கொப்பரை இறங்கியது, எந்த பிராண்டு மூடியின் நிறத்தை மாற்றியது, எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கிராம்பு வாசனை வருகிறது, பின்னால் வாழைப்பழம் வருகிறது என்று நண்பர்களுக்குப் பிரித்துச் சொல்வான். நண்பர்கள், சுண்டல் எப்போது வரும் என்று கேட்பார்கள்.

புதுக் கோதுமை பியருக்கு ‘வாசல்’ என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

பியருக்கு விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. அதனால் அதே பெயரில், அதே கோலத்தோடு, ஒரு சோடா. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆளுயர எழுத்தில் போர்டு: வாசல் சோடா. சோடாவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கோடவுனில் ஒரு பெட்டி இருந்தது.

அம்மாவிடம் சோடா கம்பெனி என்றுதான் சொல்லியிருந்தான். போர்டைக் காட்டக் கூட்டிக்கொண்டும் போனான்.

அவள் போர்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு.

அதன் பிறகு பால்காரரிலிருந்து கோயில் பஜனைக் குழு வரைக்கும் அவள் சொல்லாத ஆள் இல்லை. பெண்கள், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஆண்கள் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஏகாம்பரம் மட்டும், அவனைப் பார்க்கும்போதெல்லாம், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் விசாரிப்பார்.

“என்ன தம்பி, சோடா நல்லாப் போவுதா?”

போகிறது என்பான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா பாட்டிலைத் திருப்பினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசைந்தது. பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

கிராம்பு, வாழைப்பழம் எதையும் அவள் சொல்லவில்லை.

அவன் நுரையை விழுங்கிவிட்டான்.

பனியில் கிடந்தும் லேபிள் ஒரு மூலைகூட உரியவில்லை. ஈரம் தாங்குகிற காகிதம்தான் வேண்டும் என்று மீட்டிங்கில் சண்டை போட்டு வாங்கியவன் அவன். அந்த நேரத்திலும் மனசின் ஒரு ஓரத்தில் பெருமையாக இருந்தது.

அதற்கும் சேர்த்துக் கூசியது.

கத்துவாள் என்று பார்த்தான். கத்தினால் தேவலை. பதில்கள் வைத்திருந்தான். சட்டம் அப்படி. தொழில் அப்படி. பியர் ஒன்றும் சாராயம் இல்லை. வெளிநாட்டில் சாமியார் மடத்திலேயே காய்ச்சுகிறார்கள்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

தெருவைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒவ்வொரு கதவாக. யார் யாரிடம் சொன்னோம் என்று நினைவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரி. ஏகாம்பரம் வீட்டுக் கதவில் கண் கொஞ்சம் நின்றது.

முந்தானையால் பாட்டிலைத் துடைத்தாள். கோலத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணை மட்டும்.

படியோரமாக, யார் காலும் படாத இடம் பார்த்து வைத்தாள்.

மீதி வாசலைப் பெருக்கினாள். தண்ணீர் தெளித்தாள். கோலமாவு டப்பாவை எடுத்தாள். திறந்தாள். அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு அதை அவன் கையில் கொடுத்தாள்.

“நீயே போடு.”

உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோலத்தின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு மனப்பாடம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியிருக்கிறான், சிறிதாக்கியிருக்கிறான், மூடி மேலும் அட்டைப்பெட்டி மேலும் லாரி மேலும் ஒட்டியிருக்கிறான்.

குந்தினான். விரலிடுக்கில் மாவை எடுத்தான்.

முதல் புள்ளி ஒரு குவியலாகக் கொட்டியது.

எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகியது. ஏகாம்பரத்தின் மனைவி பிரேமாவதி வாளியோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?”

அவன் அடுத்த புள்ளியை எவ்வளவு தள்ளி வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.