இருபத்திரண்டு மில்லிமீட்டர்

பிடுங்கிய நிலக்கடலைச் செடிகளை, காய் மேலே தெரியக் கவிழ்த்து, ஏரியூர்க் கொல்லையில் காயப் போட்டிருந்தோம். இன்னும் இரண்டு நாள் வெயில் போதும். இடையில் ஒரு மழை பெய்தால் காய் முளைத்துவிடும்.

என் போனில் ஐந்து நாளுக்கு மழை இல்லை. என் மனைவி அமுதவல்லியின் போனில் இருந்த வேறொரு செயலி, அன்று மூன்று மணிக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்றது.

“இப்பவே அள்ளி வூட்டுக்குள்ள போட்ரலாங்க.”

“ஈரக் காயக் குமிச்சா பூசணம் புடிச்சுக்கும். நேத்தும்தான் உன் போனு மழைன்னுச்சு. நனைஞ்சியா?”

“நக்கல் பண்ணாதீங்க. நாலு மாசப் பாடு.”

மழை பெய்தால் அளந்து பார்க்க, கொல்லை நடுவில் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தேன். மூன்று மணிக்கு இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அவள் போனைப் பார்த்தாள்.

“இப்ப பேஞ்சுகிட்டு இருக்குதாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு, மழை நின்றுவிட்டதாக அவள் செயலி காட்டியது. நான் போய் டப்பாவை எடுத்தேன். உள்ளே புழுதிதான் இருந்தது.

“ஒரு சொட்டு இல்ல. இந்தா, நீயே பாரு.”

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. ஒரு செடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு காயிலிருந்தும் விரல் நீளத்துக்கு வெள்ளை முளை வந்திருந்தது. செடி காய்ந்திருந்தது, மண் சுட்டது. கொல்லை முழுக்க, மற்ற காய்களின் ஓடுகள் ஒவ்வொன்றாக விரியும் சத்தம் கேட்டது.