ஃப்ளோர்விக்

“அப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தையே கிடையாதுல.”

“இருக்குக்கா. ஃப்ளோர்விக். மழை விட்டுட்டுன்னு நம்பி குடையை மடக்குறவன் கழுத்துல விழுற கடைசிச் சொட்டு. ஸ்காட்லாந்துல மீன் பிடிக்கவங்க சொல்லுவாங்க.”

ஜெபசிங்கின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கிரேஸ்லின் தம்பியையே பார்த்தாள். ஸ்கிராபிள் பலகையில் வைக்கிற வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும், சந்தேகப்படுகிறவர் அகராதியைப் பார்க்கலாம் என்பது அவர்கள் வீட்டு விதி. அந்த விதியை ஏமாற்றுவதற்கென்றே அவன் சிறு வயதிலிருந்து சொற்களை இட்டுக்கட்டி வந்தான். மூளையிலிருந்த கட்டியை எடுத்த பிறகு ஒன்றைக்கூட இட்டுக்கட்டவில்லை. குவோக்கா என்றால் ஆஸ்திரேலியாவில் வாழும் சிறு விலங்கு, ஸாக்ஸ் என்றால் கூரைக் கல் செதுக்கும் கருவி என்று, யாரும் அறியாத சொற்களுக்கெல்லாம் பிசகாமல் பொருள் சொன்னான். நினைவு முழுசாக இருக்கிறது என்று டாக்டர் மகிழ்ந்தார். கர்த்தர் மகனை மீட்டுத் தந்தார் என்று அம்மா சர்ச்சில் சாட்சி சொன்னாள். கிரேஸ்லினுக்கு மட்டும், தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் பயமாக இருந்தது.

இப்போது அவன் உதட்டோரம் லேசாகத் துடித்தது. “சந்தேகம்னா டிக்‌ஷனரிய எடுத்துப் பாரேன். தோத்துட்டு அழக் கூடாது, பாத்துக்கோ.”

அவள் தடித்த அகராதியை இழுத்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். திறக்கவில்லை. மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்து, சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“ஏல, இன்னொரு பொய் சொல்லுல.”