சிவப்புத் துணி கட்டிய வடம்

அவள் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை.

மற்ற எல்லோரும் கழற்றியிருந்தார்கள். 'காலணிகளைக் கழற்றவும்' என்று பலகையே வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு நீளக் கயிறு. நடுவில் சிவப்புத் துணி. யாரோ அதில் சந்தனம் வேறு தடவிவிட்டுப் போயிருந்தார்கள்.

'அம்மன் கோயில் சிறுதேர் வடம்' என்றது அட்டை. அருங்காட்சியகத்தின் 'நம்ம ஊர் வரலாறு' கண்காட்சியில் இதற்குத்தான் கூட்டம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

தேர் வடமாம். நல்லாயிருக்கே கதை!

நாற்பத்து மூன்று வருஷம் ஆனால் என்ன, அவளுக்கா தெரியாது? அவள் உள்ளங்கைத் தோலை உரித்த கயிறு அது.

அன்று மில்லில் ஆயுத பூஜை. கயிறு இழுக்கும் போட்டி. ஸ்பின்னிங் பிரிவு ஆண்கள் வந்த அணியை எல்லாம் சாய்த்துவிட்டு, இன்னும் ஆள் உண்டா என்று மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

நூல் சுற்றும் பிரிவிலிருந்து எட்டுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். கயிற்றின் நடுவே அடையாளத் துணி இல்லை. அவள்தான் மில் கொடுத்த தன் சிவப்பு மேலங்கியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். பிறகு கடைசி ஆளாகப் போய்க் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

மூன்று இழுப்பு. இரண்டில் ஜெயித்தது பெண்கள்.

கோப்பை?

பட்டியலில் பெண்கள் அணி என்று ஒன்று இல்லவே இல்லை என்றார் மேனேஜர். கோப்பையும் போட்டோவும் தோற்றவர்களுக்கே போயின. அன்று எதிரணியில் மூன்றாவது ஆளாக மண்ணைக் கவ்வியவர்தான் பின்னால் அவளுக்குப் புருஷனாக வாய்த்தார். "போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுத்தோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

எட்டுப் பேரில் இப்போது இருப்பது மூன்று பேர். இன்றைக்கு விட்டால் அப்புறம் சொல்ல ஆளில்லை.

காப்பாட்சியரைக் கூப்பிட்டாள். சின்ன வயசுக்காரர்.

"சார், இது தேர் வடம் இல்ல. மில்லுல நாங்க ஆம்பளைகள இழுத்துப்போட்ட கயிறு."

கூட்டத்தில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். "சாமி காரியத்துல விளையாடக் கூடாது தாயி" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

காப்பாட்சியர் நெளிந்தார். மூடிய மில்லின் கிடங்கிலிருந்துதான் கயிறு வந்தது, அது உண்மை. சிவப்புத் துணியைப் பார்த்து யாரோ தேர் வடம் என்று சொன்னதைத்தான் அட்டையில் எழுதியிருந்தார். ஆனால் ஆதாரம் வேண்டுமே.

"அந்தத் துணிய அவுத்துப் பாருங்க. உள்மடிப்புல மஞ்ச நூல்ல நானூத்திப் பதினேழுன்னு இருக்கும். என் டோக்கன் நம்பர்."

எல்லா மேலங்கியும் ஒரே சிவப்பு. மாறிப்போகாமல் இருக்க ஓரத்தில் நம்பரைத் தைத்துக்கொள்வது அந்தப் பெண்களின் வழக்கம்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு முடிச்சை இழுத்தார். அது இறுகியது. நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

"தள்ளுங்க சார்."

ஒரு ஷிப்டில் ஆயிரம் முறை அறுந்த நூலை முடிந்த விரல்கள். இழுத்தால் இறுகும், பின்னால் தள்ளினால் விட்டுக்கொடுக்கும் முடிச்சு அது. வயசாகி விரல் வளைந்துபோயிருந்தது. இருந்தாலும் மறக்கவில்லை. ஒரே தள்ளு.

துணி விரிந்தது.

வெளிப்பக்கம்தான் வெளுத்திருந்தது. உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் மஞ்சள் நூலில் 417.

காப்பாட்சியர் பழைய அட்டையை உருவி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனா வந்தது.

"பேர் சொல்லுங்கம்மா."

எட்டுப் பெயரையும் சொன்னாள். கயிற்றில் நின்ற அதே வரிசையில். சுடலைவடிவு என்ற தன் பெயர் கடைசியாக வந்தது. குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள்.

எழுதி முடித்தவர், காலணிப் பலகையையும் எடுக்கக் குனிந்தார்.

"அது இருக்கட்டும் சார்."

வாசலில் பெரியவர் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்திருந்தார்.

மெல்ல வெளியே எடுத்தார்.