சாமந்தம்பட்டி வண்டி லேட்டு

மூடிக் கிடந்த சாமந்தம்பட்டி ஸ்டேஷனுக்குள் ஒரு செவலைக் கிடா மூச்சிரைக்க ஓடி வந்தது. மறுநாள் ஊர்த் திருவிழா. வெட்டப்போகும் கிடாக்களில் அதுவும் ஒன்று.

“அடுத்த வண்டி எப்போ அண்ணே?” என்று கூரையில் தொங்கிய மணியிடம் கேட்டது.

பல வருஷம் கழித்து வந்த முதல் பயணி. ஸ்டேஷனை மூடிவிட்டார்கள் என்று சொல்ல மணிக்கு வாய் வரவில்லை. “கொஞ்சம் லேட்டு தம்பி. உட்காரு.”

கிடா பெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அது கேட்கும்போதெல்லாம், “முந்தின ஸ்டேஷனை விட்டுடுச்சு” என்றது மணி.

கயிற்றோடு தேடி வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். “மூடின ஸ்டேஷன்ல ஆட்டுக்கு என்ன வேலை?” என்று திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் திருவிழா முடிந்தது. மணிக்கு மனசு உறுத்தியது.

“பொய் சொல்லிட்டேன் தம்பி. கடைசி வண்டி போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. இனிமே இங்க எந்த வண்டியும் வராது.”

கிடா பெஞ்சிலிருந்து குதித்து இறங்கியது.

“பரவாயில்லை அண்ணே. அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் இதே வண்டியில எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்க.”