மஃப்ளருக்குள் ஒரு கன்னம்

காலையில் எழுந்தபோதே யோகாவின் வலது கன்னம் பூரி போல உப்பியிருந்தது.

ரஞ்சினி சிவப்பு மஃப்ளரை எடுத்து மகளின் காதோடு சேர்த்துச் சுற்றினாள். 1976 ஜூலை. சிட்னிக் குளிரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

கூகைக்கட்டு வந்த பிள்ளை ஒன்பது நாள் வீட்டில் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் கடிதம் அனுப்பியிருந்தது உண்மைதான். ஆனால் கணவன் கதிர்காமநாதன் பேர்த் பக்கம் சுரங்க வேலையில் இருந்தான். அவளுக்கோ டைப்பிஸ்ட் வேலை கிடைத்து இரண்டு கிழமைதான்.

"நோகுதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று மகளுக்குச் சொல்லிவைத்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பத்மா நின்றாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் அப்போது இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. கும்பகோணத்துக்காரி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"குழந்தைக்கு என்ன?"

"பல்லுக்கொதி, அக்கா."

பத்மா குனிந்து மஃப்ளரை விலக்கினாள். "இது பொன்னுக்கு வீங்கி."

அப்படி ஒரு வருத்தத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள் ரஞ்சினி. அந்தப் பெயரில் கேள்விப்பட்டதில்லைதான்; அவள் ஊரில் அது கூகைக்கட்டு.

பத்மா விடவில்லை. பெயர் எதுவானால் என்ன, வகுப்பில் முப்பது குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சத்தம் போட்டாள். தமிழ் தெரியாத தாய்மார்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. டீச்சர் வந்து பார்த்து, யோகாவைத் திருப்பி அனுப்பினாள்.

ரஞ்சினி மகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

ஆபீசுக்குப் போன் செய்தாள். இன்றைக்குச் சரி, நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்றார் மேனேஜர்.

மத்தியானம் வரை அழுதாள். அதற்குப் பிறகு கோபம் வந்தது. புருஷன் சம்பாதிக்க, வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கு உபதேசம் செய்வது பத்மாவுக்குச் சுகம்தான். இதை முகத்துக்கு நேரே கேட்டுவிடவேண்டும். யோகாவையும் கூட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி போய்ப் பத்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு ஒரு சாண் மட்டும் திறந்தது. பத்மா உள்ளே வரச் சொல்லவில்லை.

"வாசலோட நிப்பாட்டி வைக்கப்போறியளோ?"

"சின்ன வயசுல உனக்கு இது வந்திருக்கா?"

"ஓம், வந்தது. அதுக்கென்ன இப்ப?"

பத்மா கதவை அகலத் திறந்தாள்.

சோபாவில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் கன்னம் வீங்கி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன் போட்டால் வீக்கம் வடியும் என்று, பையன்கள் கழுத்தில்கூட நெக்லஸ் பளபளத்தது.

"இதுங்களுக்கு லீவு சொல்லத்தான் காலைல வந்தேன். மிச்சத்தைக் கேக்காம நீ ஓடிட்டே" என்றபடி யோகாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் பத்மா. "ஒன்பது நாளும் இவ இங்க இருக்கட்டும். நீ வேலைக்குப் போ. இவ கழுத்துக்கு மட்டும் ஒரு சங்கிலி கொண்டு வந்துடு, என் பெட்டி காலி."