வாசல் மரியாதை

"கண்ணு பொடனியிலயா இருக்குது? ஆள் வர்றது தெரியல?"

தாண்டவராயன் போட்ட சத்தத்தில், கோட்டைக்குப் போகிற அந்த ரோட்டில் நாலு வீட்டுக் கதவு திறந்தது.

பேப்பர் எடுக்க வாசல்படி இறங்கி ரோட்டில் கால் வைத்தார். அவ்வளவுதான். பூனை மாதிரி சத்தமே இல்லாமல் ஒரு பேட்டரி சைக்கிள் வந்துவிட்டது. பிரேக் பிடித்த வேகத்தில் சைக்கிள் ஒரு பக்கம், ஓட்டி வந்த ஷோபனா ஒரு பக்கம், அவள் தைத்து எடுத்துப் போன துணி மூட்டை ஒரு பக்கம். அவர் மேல் மட்டும் ஒரு தூசி படவில்லை.

"யார் வீட்டு வாசல்னு தெரியுமா? முன்னாள் கவுன்சிலர்! இனிமே இந்தப் பக்கம் பாத்து வரணும், ஆமா!"

முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் ஏதோ முணுமுணுத்தாள். இந்தக் காலத்தில் யார் வாயைத் திறந்து பேசுகிறார்கள்! மன்னிப்பாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. நாலு வீடு முன்னாலேயே ஷோபனா சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். பேட்டரியும் மூட்டையுமாகக் கனக்கிற வண்டியை மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறினாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"ஏ ரத்தினம், இங்க வந்து பாரு! ஒரே ஒரு அதட்டல்தான். எப்படி இறங்கித் தள்ளிக்கினு போறா பாத்தியா? பதவி போனாலும் மரியாதை போவல!"

மனைவி ரத்தினம்மாள் அலறிக்கொண்டிருந்த டீவியைக் குறைத்துவிட்டு ஏதோ சொன்னாள். அதை யார் கவனித்தார்கள்? தாண்டவராயன்தான் ராஜகிரிக் கோட்டையையே தன் பேரில் யாரோ பட்டா போட்டுக்கொடுத்த மாதிரி நின்றுகொண்டிருந்தாரே!

அதிலும் ஒரு தனிச் சந்தோஷம். கொஞ்சம் தள்ளி இருந்த தேவேந்திரன் வீட்டு முன்னால் அவள் இறங்குவதே இல்லை. போன தேர்தலில் இவரைத் தோற்கடித்த தேவேந்திரன்! இப்போது பதவியில் இருக்கிற கவுன்சிலர்!

ஒருநாள் தேவேந்திரனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஷோபனாவை நிறுத்தி, இந்த வீட்டைக் கை காட்டி என்னவோ கேட்டார். அவள் என்னவோ சொன்னாள். தேவேந்திரன் முகம் தொங்கிப் போய்விட்டது. அதைத் தாண்டவராயன் தன் வாசலிலிருந்து கண்குளிரப் பார்த்தார்.

மறுநாள் நடந்ததுதான் பெரிய கூத்து. புதிதாக வாங்கிய பேட்டரி ஸ்கூட்டரில் வந்த தேவேந்திரன், இவர் வாசலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது ஒரு கும்பிடு வேறு!

தாண்டவராயனுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. தேவேந்திரனையே அடக்குகிற மாதிரி அந்தப் பெண் தன்னைப் பற்றி அப்படி என்ன சொல்லியிருப்பாள்? அதைத் தன் காதால் கேட்டே ஆகவேண்டும்!

பீரோவைத் திறந்தார். சென்னையிலிருக்கிற மகன் நெடுமாறன் வாங்கிக் கொடுத்த காது மிஷின், 'என்னை நாலு பேர் செவிடன்னு சொல்லவா?' என்று அவர் தூக்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் மிஷினை மாட்டி, அது தெரியாதபடி துண்டால் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணி கேட்டது. கிணிங், கிணிங், கிணிங்.

'இத்தனை நாளும் இப்படியா அடிச்சிக்கினு வந்தா?' என்று அவருக்கே ஆச்சரியம்.

ஷோபனா இறங்கினாள். பின்னால் உட்கார்ந்து வந்த அமலாவும் இறங்கினாள். தையல் கடைக்குப் புதிதாக வந்தவள்.

"ஏன் ஷோபனாக்கா, நல்லா போயிட்டிருக்கற வண்டிய மேட்டுல தள்ளணுமா? அந்தப் பெரியவர் அவ்ளோ பெரிய ஆளா?"

"ஆளெல்லாம் இல்லடி. அவருக்குக் காது கேக்காது. நம்ம வண்டியிலயும் சத்தம் இல்ல. அன்னிக்கு எத்தன தடவ மணி அடிச்சேன் தெரியுமா? திரும்பவே இல்ல. மறுபடி திடீர்னு ரோட்டுல கால வச்சிட்டார்னா? வயசான எலும்பு, தாங்குமா?"

"அத அவர்கிட்டயே சொல்லிடறதுதானே?"

"ஐயோ, ரோஷக்காரர்! தேவேந்திரண்ணன்கிட்டகூட வெளிய சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டிருக்கேன். மரியாதைன்னு நெனச்சிக்கினு சந்தோஷமா இருக்காரு. இருந்துட்டுப் போட்டும்."

தாண்டவராயனுக்குச் சுருக்கென்றது. அவள் முழங்கைத் தழும்பு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தன் மேல் ஏற்றாமல் இருக்க அவளே விழுந்திருக்கிறாள். அதற்குத்தான் அந்த அதட்டல்.

ஒன்றும் கேட்காத மாதிரி உள்ளே போயிருக்கலாம். நாளைக்கும் அவள் இறங்குவாள். தேவேந்திரனும் இறங்கிக் கும்பிடு போடுவார். யாருக்குத் தெரியப் போகிறது?

எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றார்.

பிறகு, தேவேந்திரன் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி, அதே முன்னாள் கவுன்சிலர் குரலில் சொன்னார்:

"ஷோபனா! ஏறி ஓட்டிக்கினு போம்மா. இனிமே என் வாசல்ல யாரும் இறங்க வேணாம். எனக்குக் காது கேக்காது, மிஷின் போட்டிருக்கேன்! நீ மணி மட்டும் அடி, நான் ஒதுங்கிக்கறேன்!"