அப்பப்ப முழிக்கும்

நவம்பர் 14, வெள்ளி.

பழுது எழுதும் சீட்டில் ஒரு சொல்லை எழுதாமல் விட்டது நான்தான்.

முதலில் அதை எழுதிவிடுகிறேன். அவன் செய்தது அப்புறம்.

மூன்றாம் தேதி ரோசலெட் அக்கா தன் கேம் செட்டை எங்கள் ரிப்பேர் வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் விளையாடுகிற, கையடக்கமான செட். இடது பட்டன் அமுங்கவில்லை. படியிறங்கும்போது சொன்னார்:

"அப்பப்ப முழிக்கும் மக்ளே. ஒரு தட்டு தட்டுனா வந்துரும்."

'இடது பட்டன் வேலை செய்யவில்லை' என்று எழுதினேன். முழிக்கும் என்பதை எழுதவில்லை. ஒரு பழுதின் பெயராக அது எனக்குத் தோன்றவில்லை.

சீட்டு அழகாக இருந்தது.

மறுநாள், சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் பெஞ்சில் உட்கார்ந்து பட்டனை மாற்றினேன். வேலை செய்தது.

ஏழாம் தேதி செட் திரும்பி வந்தது. விளையாட்டின் நடுவில் திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் பிழை எண் காட்டி, நின்றுவிடுகிறதாம்.

கொண்டுவந்தவன் ஜெபின். என் வகுப்பு. அக்காவின் பக்கத்து வீடு. கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, மெமரி கார்டிலிருந்து எந்த கேமும் ஓடும்படி அந்த செட்டை மாற்றிக் கொடுத்தவனும் அவன்தான். செப்டம்பரில், இதே வகுப்பில். சார் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

"சூடு காட்டச் சொன்னா இவ சுட்டே எடுத்துருக்கா சார். போர்டு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

சார் சீட்டை எடுத்துப் பார்த்தார். பட்டன் மட்டும்தான் இருந்தது.

"கொஞ்ச நாளு நீ சீட்டு எழுதும்மா."

பெஞ்சில் இருப்பவர்களைத்தான் டிசம்பரில் சர்வீஸ் சென்டர் வேலைக்கு அனுப்புவார்கள். சீட்டு எழுதுகிறவளை அல்ல.

அக்காவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சூடு கூடிவிட்டது போல, என்றேன்.

"எனக்கு என்ன தெரியும் மக்ளே. ஜெபின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒரு வாரம் என் சால்டரிங்கைத்தான் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நம்பவில்லை. மறுபடி பார்த்தேன்.

கார்டைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அது ஜெபின் செய்த வேலை. அதனால் சரியாகத்தான் இருக்கும்.

இன்று மதியம் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் செட் ஒரு கோப்பை எழுதி வைத்திருக்கிறது.

முப்பத்தொன்று.

நான் கை வைத்த பிறகு, ஐந்து.

அதற்கு முன், இருபத்தாறு. அக்கா 'முழிக்கும்' என்றது இதைத்தான்.

செட்டின் கடிகாரம் தப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஒப்பிட்டேன். மூன்று நிமிடம் பின்னால் இருந்தது. அவ்வளவுதான்.

முதல் கோப்பு: செப்டம்பர் 27. மாலை 7.10.

வகுப்பு நேரம்.

அக்காவிடம் கொடுப்பதற்கு முன்பே, அவன் கையிலேயே நின்றிருக்கிறது. 7.14க்கு இன்னொரு தடவை. 7.31க்கு இன்னொரு தடவை.

எட்டு மணிக்கு நாங்கள் கைதட்டினோம்.

எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினில் தாள் அடுக்கினேன். இருந்த தாளையே எடுத்து மறுபடி அடுக்கினேன்.

பிறகு உட்கார்ந்தேன்.

கார்டில் அவன் சேர்த்த சின்னக் கோப்புகள் பதினாறு. எட்டை எடுத்தேன். செட் நிற்காமல் ஓடியது. எடுத்ததில் நாலைத் திரும்ப வைத்தேன். நின்றது. அந்த நாலில் இரண்டை எடுத்தேன். நின்றது. மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்தேன்.

ஓடியது.

பழைய பதிப்பு. செட்டை அப்டேட் செய்தவன் இதை மட்டும் மாற்றவில்லை. புதியதை இறக்கிப் போட்டேன். நாற்பது நிமிடம் விளையாடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சரியாகிவிட்டது.

சரியான செட்டை நாளை மேஜையில் வைத்தால் ஜெபின் என்ன சொல்வான் என்று இந்த நோட்டிலேயே எழுதிப் பார்த்தேன்.

"கடைசில சால்டரிங்க ஒழுங்கா வச்சுட்டா சார்."

சார் தலையாட்டுவார். நல்ல பிள்ளை என்பார். எல்லோரும் கைதட்டவும் கூடும்.

தேதிகளைக் காட்டலாம். தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் சார், என்பான். உண்மைதான். மாற்றலாம்.

எல்லோர் முன்னும் செட் நின்று, ஒரு கோப்பை மாற்றியதும் ஓடினால், அதை யாரும் மறுக்க முடியாது.

புதிய கோப்பை எடுத்தேன்.

பழையதை, அவன் வைத்த இடத்திலேயே, அவன் வைத்த பெயரிலேயே வைத்தேன்.

நிற்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஐந்து தடவையும் நின்றது.

ஒரு செட் நின்றுபோவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது சரியா என்று தெரியவில்லை. சந்தோஷம்கூட இல்லை அது. வேறு என்னவோ.

சார்ஜில் போட்டிருக்கிறேன்.

நாளை, சனி: ரோசலெட் அக்காவை ஆறு மணிக்கு வகுப்புக்கு வரச் சொல்ல வேண்டும். எல்லோரும் வந்த பிறகு, செட்டை ஆன் செய்ய ஜெபினைக் கூப்பிட வேண்டும்.